மூன்றாம் சரக்கறையின் காலி டிரம்கள்

எங்கள் அண்ணியைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று தெரிந்ததால்தான் எழுதுகிறேன். அந்தப் போரைப் பற்றி வந்த புத்தகங்களை வாங்கிப் படித்தேன். தளபதிகள் வருகிறார்கள், பீரங்கிகள் வருகின்றன, ஒரு தளபதி வளர்த்த நாய்கூட இரண்டு பக்கத்துக்கு வாலாட்டுகிறது. காலி டிரம்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த எரிச்சலில் பேனாவைக் கையில் எடுத்தேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. துறைமுகத்தில் அவருக்குத் தட்டக்கா என்று பெயர். எண்ணெய் டிப்போவில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி டிரம்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். அண்ணி ஒரு சின்ன மரச்சுத்தியலோடு நடந்துகொண்டே ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டுவார். "இது நல்லது. இது ஓட்டை. இதுக்குள்ள அடியில தண்ணி கெடக்கு, கவுத்துடு." நின்று யோசிப்பதே இல்லை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கடையில் ரொட்டியைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். ஒருநாள் என் தலையைத் தட்டிப் பார்த்து, "இதுவும் காலி" என்றார். எனக்குக் கல்யாணமாகாத காலம் அது. அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. அதனால் சிரித்து வைத்தேன்.

டிப்போவில் ஒரு விதி உண்டு. காலி டிரம்மின் திருகு மூடியை ஒருபோதும் இறுக்கி வைக்கக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் ஆவி வெயிலில் விரியும். போக வழியில்லையென்றால் டிரம் உப்பி வெடித்துவிடும். அண்ணி வேலைக்குச் சேர்ந்த வருஷமே அப்படி ஒரு டிரம் வெடித்து ஒருவருடைய கால் முறிந்தது. அன்றிலிருந்து, டிரம்மை வெயிலில் நிறுத்தினால் மூடியைக் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அண்ணிதான் இதைச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்பது மரியாதையான வார்த்தை. மறந்தவர்களைக் கிழி கிழியென்று கிழித்துவிடுவார். ஒரு வருஷத்தில் அவர்களுடைய கைகளே அந்த வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். பக்கத்து ஆளோடு வம்பு பேசிக்கொண்டே நடப்பார்கள். கை தானாக மூடியைப் பிடித்துக் கால் சுற்று திருப்பிவிட்டுப் போகும்.

போர் வந்தது. அண்ணன் வேலை பார்த்த கப்பலைக் கடற்படை எடுத்துக்கொண்டது.

அது கீழே கோதுமையும் மேலே பயணிகளும் ஏற்றிப்போன கப்பல். அண்ணன் பதினொரு வருஷமாக அதன் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் போர்க்கப்பலாக மாற்ற, எங்கள் கப்பல் கட்டும் தளத்துக்கே கொண்டுவந்து கட்டினார்கள். நான் அந்தத் தளத்தின் வரைபட அறையில் இருந்தேன். பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் வரைந்த படத்தின் மேல் மெழுகுத்துணியை விரித்துக் கோடு மாறாமல் நகல் எடுப்பது, அவ்வளவுதான்.

நான்கு மாத வேலையை ஏழு வாரத்தில் முடிக்கச் சொல்லி உத்தரவு. சாப்பாட்டுக் கூடத்திலிருந்த பியானோ வாசல் வழியாக வெளியே வரவில்லை என்று ஜன்னலைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்தக் கூடத்துக்கு நேர்மேலே பீரங்கி உட்கார வேண்டும். அந்தப் பாரத்தைத் தாங்க, மேஜைகள் இருந்த இடத்தில் ஒன்பது இரும்புத் தூண்களை நிறுத்தினார்கள். முதல் வகுப்பு அறைகள் வெடிமருந்து அறைகளாயின. குழந்தைகள் விளையாடும் அறை டாக்டருக்குப் போனது. அங்கே சுவரில் இருந்த வாத்துப் படங்களை அழிக்க நேரமில்லை. கால் வெட்டினாலும் கை வெட்டினாலும் வாத்துகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கும் என்று பெயின்டர்கள் சிரித்தார்கள். வெள்ளைக் கப்பல் ஒரே வாரத்தில் சாம்பல் நிறமானது.

பழைய ஊழியர்கள் விரும்பினால் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணன் விலகவில்லை.

"அந்தக் கொதிகலனோட குணம் எனக்குத்தான் தெரியும்," என்றார். அவர் நிதானமாகப் பேசுகிறவர். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நாம் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

"என் குணம் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அண்ணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. தட்டைக் கொண்டுவந்து வைக்கும் சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார்.

அப்புறம்தான் டிரம் விஷயம் வந்தது. உண்மையான போர்க்கப்பலுக்குள் நூறு சின்ன அறைகள் இருக்கும். ஒன்றில் தண்ணீர் புகுந்தால் மற்றவை கப்பலைத் தாங்கிக்கொள்ளும். சரக்குக் கப்பல் அப்படியில்லை, உள்ளே சினிமாக் கொட்டகை மாதிரி வெற்றிடம். ஒரு டார்பிடோ போதும், கதை முடிந்தது. உள்ளே புதுச் சுவர்கள் எழுப்ப நேரமில்லை. அதனால் சரக்கறை மூன்றையும் காலி டிரம்களால் அடைத்துவிடச் சொன்னார்கள். கப்பலில் ஓட்டை விழுந்தாலும், தண்ணீர் புக வேண்டிய இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கும். மொத்தம் ஒன்பதாயிரம் டிரம். நாட்டில் டிரம்மைப் பற்றித் தெரிந்தவர்கள் டிப்போக்காரர்கள்தானே? அண்ணியையும் அவரோடு வேலை பார்த்த நாற்பது பேரையும் அப்படியே எங்கள் தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

தளத்தில் சிரிக்காத ஆளில்லை. "எதிரி வந்தா மேலேருந்து ஒவ்வொண்ணா உருட்டி விடுவாங்களாம்," என்பார்கள் வெல்டர்கள். பீரங்கி பொருத்துகிறவர்கள் டிரம் ஆட்களுக்கு டீ வரிசையில் இடம்கூட விடமாட்டார்கள். நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். அண்ணி கண்டுகொள்ளவில்லை. கொட்டகையில் டிரம்களை நீராவி விட்டுக் கழுவி, ஆறவைத்து, புது வாஷர் போட்டு, மூடிச்சாவியால் மூடியை இறுக்கினார்கள். இந்த முறை இறுக்கித்தான் ஆக வேண்டும், கடுகளவு இடைவெளியும் கூடாது என்று அண்ணியே நின்று சொன்னார். இறுக்கவும் செய்தார்கள். முன்பக்கத்து இரண்டு சரக்கறைகளும் மழை பெய்த வாரத்தில் நிரம்பின. டிரம்கள் கொட்டகையிலிருந்து நேராகக் கப்பலுக்குப் போயின. கொதிகலன் அறைக்குப் பின்னால் இருந்த மூன்றாம் சரக்கறைதான் பெரியது. அதற்குள் மழை விட்டு வெயில் வந்துவிட்டது. கிரேன் வேறு வேலைக்குப் போயிருந்தது. டிரம்களை வெளியே வரிசையாக அடுக்கி வைத்திருந்து, கிரேன் வந்ததும் ஏற்றினார்கள். மூவாயிரத்து நானூறு டிரம். கடற்படை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் சட்டையில் கஞ்சி அதிகம், ஆள் திரும்பினாலும் சட்டை திரும்பாது. அவருக்குக் கஞ்சிச்சட்டை என்று பெயர் வைத்தது நான்தான்.

கப்பல் புறப்பட மூன்று நாள் இருந்தது. அண்ணி வழக்கமாக மத்தியானச் சாப்பாட்டை முதல் சரக்கறையின் மூடுபலகை மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். அன்றைக்கு அண்ணனோடு சமாதானம் ஆகியிருந்ததால் பின்பக்கம் வந்து, மூன்றாம் சரக்கறையின் மேல் உட்கார்ந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன். அண்ணி ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, கம்பளிச் சட்டையை எடுத்து வைக்க மறந்ததற்காக அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தினார். அவர் திட்டைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலயே அண்ணி."

"எனக்கும் கேக்கல," என்றார். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நான் விழித்தேன். அண்ணி என்னை இழுத்துக்கொண்டு முன்பக்கம் போய், முதல் சரக்கறையின் மேல் காதை வைக்கச் சொன்னார். கீழே 'டொக்' என்றது. கொஞ்சம் பொறுத்து வேறு மூலையில் 'டொக்', அப்புறம் அடுத்தடுத்து இரண்டு. வெயில் ஏற ஏற டிரம்முக்குள் அடைபட்ட காற்று விரியும். தகரம் உப்பிச் சத்தம் போடும். மூடி இறுகியிருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். மூன்றாம் சரக்கறை, நடுப்பகல் வெயிலில், வாய்மூடிக் கிடந்தது.

அண்ணி ஆள் இறங்கும் துவாரம் வழியாக உள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"பன்னெண்டு மூடியைத் தொட்டுப் பாத்தேன். பன்னெண்டும் கால் சுத்து."

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கொட்டகைக்குள் இறுக்கினார்கள். அதே ஆட்கள் அதே டிரம்மை வெளியே கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினார்கள். வெயிலில் காலி டிரம்மைக் கண்டதும் இருபது வருஷத்துக் கை தன் வேலையைக் காட்டிவிட்டது. அண்ணியின் கையும்தான். டிரம்களை வெளியே அடுக்கிய அன்று சாயங்காலம் ஒவ்வொரு வரிசையாகத் தட்டிக்கொண்டே போனபோது தானும் திருப்பியிருக்கலாம் என்றார். எத்தனை டிரம் என்று அவருக்கே தெரியவில்லை.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். மூன்றாம் சரக்கறைக்கும் அவர் கரி அள்ளும் இடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு இரும்புச் சுவர். இந்தப் பக்கம் தண்ணீர் நிறைந்தால் அந்தச் சுவர் தாங்காது. அதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"சொன்னா நாசவேலைன்னு உள்ள தள்ளிடுவாங்க," என்றார் அண்ணி. அது வெறும் பயமில்லை. போன மாதம்தான் ஒரு ஃபிட்டரை, இறுக்காமல் விட்ட ஒரு நட்டுக்காக, போலீஸ் அழைத்துப்போயிருந்தது.

அண்ணன் அவருடைய வழக்கப்படி நேரம் எடுத்துக்கொண்டார். "அது உன் வேலை," என்றார். "எப்படி சரி பண்றதுன்னு உனக்குத்தான் தெரியும். உன்னை உள்ள போட்டாங்கன்னா, நான் கப்பல்ல ஏறமாட்டேன். ஜெயில் வாசல்ல உக்காந்துக்கிறேன்."

"கம்பளிச் சட்டை இல்லாமலா?" என்றார் அண்ணி. அழுதுகொண்டேதான் கேட்டார்.

நேராகத் தளத்து மேனேஜரிடம் போனோம். மேனேஜர் கெட்டவர் இல்லை. நாற்காலியைக் காப்பாற்றத் தெரிந்தவர், அவ்வளவுதான். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கையெழுத்தாயிடுச்சும்மா. இப்பப் போய்க் கிளறினா எல்லாருக்கும் தலைவலி. அதுவும் டார்பிடோ பட்டாத்தானே தெரியப் போகுது?"

"பட்டப்புறம் தெரிஞ்சுக்க அங்க யாரு சார் மிச்சம் இருப்பாங்க?" என்றார் அண்ணி.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அண்ணி கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்தார். மேனேஜர் பின்னாலேயே, "அம்மா, அவசரப்படாதீங்க," என்று ஓடிவந்தார். நான் அவருக்கும் பின்னால். அண்ணியையும் அண்ணனையும் ஒரே நாளில் இழக்கப்போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

கஞ்சிச்சட்டை கரையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி அவரிடம் எதையும் விளக்கவில்லை.

"சார், உங்க டீ முடியறவரைக்கும் எனக்கு நேரம் குடுங்க," என்றார்.

முதல் சரக்கறையிலிருந்து ஒரு டிரம்மும் மூன்றாவதிலிருந்து ஒரு டிரம்மும் கொண்டுவரச் செய்தார். முதல் டிரம்மோடு நங்கூரச் சங்கிலித் துண்டு ஒன்றைக் கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டித் தண்ணீருக்குள் அமுக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினார்கள். கிரேன் ஓட்டுபவர் மேலே இருந்து, "ஒண்ணுமேயில்ல, சங்கிலி கனம்தான்," என்று கத்தினார். அதே சங்கிலியைக் கட்டி மூன்றாம் சரக்கறை டிரம்மை இறக்கினார்கள். தண்ணீரில் குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கஞ்சிச்சட்டை டீயைக் கையில் பிடித்தபடி அந்தக் குமிழிகளையே பார்த்தார். குமிழி நின்றதும் தூக்கினார்கள். கிரேன் முனகியது. டிரம் மேலே வந்து ஆடியபோது மூடியோரமாகத் தண்ணீர் நூலாகக் கொட்டி, அவர் காலணியெல்லாம் நனைந்துவிட்டது. அவர் நகரவில்லை.

"மூணாவது முழுக்கவே இப்படியா?"

"ஆமா சார்."

"யாரு செஞ்சது?"

"நான்," என்றார் அண்ணி. "என் ஆளுங்க கை செஞ்சுது. அந்தக் கைய அப்படிப் பழக்கினது நான். அவங்கள விட்டுடுங்க."

மேனேஜர் வாயைத் திறந்தார். அதிகாரி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"இந்தக் கப்பல்ல இருநூத்திப் பன்னெண்டு பேர் போறோம்மா. நானும்தான் போறேன்." அந்த ஆள் முதல்முறையாகச் சாதாரண மனிதன் மாதிரி பேசினார். "எவ்வளவு நேரம் வேணும்?"

"நாப்பது மணி நேரம்."

"முப்பத்தாறு தர்றேன். மத்ததெல்லாம் திரும்பி வந்தப்புறம் பேசிக்கலாம்."

ஜெயில் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, தள்ளிப்போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அண்ணி அதைப் பற்றி யோசித்த மாதிரியே தெரியவில்லை. அப்போதே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மூவாயிரத்து நானூறையும் வெளியே எடுத்து, இறுக்கி, மறுபடி அடுக்க வேண்டும். மூடிச்சாவி பதினொன்றுதான் இருந்தது. கொல்லுப்பட்டறையில் மற்ற வேலையை நிறுத்திவிட்டு மேலும் ஐம்பது அடித்துக் கொடுத்தார்கள். உண்மையான சிக்கல் வேறு. அண்ணி அதைத்தான் முதலில் யோசித்தார். அதே கைகள் மறுபடி அதே வேலையைச் செய்துவிட்டால்? அதனால் டிப்போ ஆட்கள் இறுக்கினால் போதும், அதற்கப்புறம் டிரம் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். போதாதென்று, இறுக்கி முடித்து எழுந்ததும் வலது கையை அவரவரே துணியால் சுற்றிக்கொள்ள வேண்டும். நாற்பது பேரும் கையில் அடிபட்டவர்கள் மாதிரி கட்டுப்போட்டுக்கொண்டு நடந்ததைப் பார்த்து டாக்டர் பதறிப்போனார். அண்ணியின் கைக்கட்டுதான் எல்லாவற்றிலும் பெரியது. "இந்தக் கைய நான் நம்பமாட்டேன்," என்றார்.

அடுக்குவதற்கு டிப்போ வாசனையே தெரியாத ஆட்கள் வேண்டுமே. கேன்டீன் பெண்கள் வந்தார்கள். டைப்பிஸ்ட் வந்தார். கொதிகலன் அறைக்காரர்கள் அண்ணனோடு வந்தார்கள். சிரித்த வெல்டர்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்கள். டிரம்மை உருட்டுவதில் அவர்கள் பலே கெட்டி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேனேஜர்கூடச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பலகை தூக்கினார். பாவம், மூன்று நாள் முதுகு வலித்தது அவருக்கு. என்னிடம் அண்ணி ஒரு டப்பா வெள்ளைப் பெயின்டையும் பிரஷையும் கொடுத்தார். "நீ கோடு போடற ஆளுதானே? போடு." இறுக்கிய மூடியிலிருந்து டிரம்மின் மேல்தகடு வரைக்கும் குறுக்காக ஒரு கோடு. மூடி மயிரிழை திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். வரைபட அறையில் பத்து வருஷம் குனிந்து போட்ட கோடுகளெல்லாம் ஒரு பக்கம், அந்த மூவாயிரத்து நானூறு கோடுகள் ஒரு பக்கம். இரண்டாம் நாள் என் விரல்களுக்கு மடங்கவே தெரியவில்லை.

முப்பத்துநாலரை மணி நேரத்தில் முடித்தோம். கடைசி முட்டுக்கட்டையை அடித்துச் சரக்கறையை மூடியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை, மறுநாள் வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்தோம். அண்ணி மூடுபலகை மேல் உட்கார்ந்தார். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் சுற்றி நின்றோம், வெல்டர்கள், டைப்பிஸ்ட், கஞ்சிச்சட்டை உட்பட.

'டொக்.'

அப்புறம் மூலைக்கு மூலை சத்தம் கிளம்பியது. ஒரு வெல்டர் தொப்பியைத் தூக்கிக் கடலில் எறிந்தார். டைப்பிஸ்ட் மேனேஜரைக் கட்டிப்பிடித்துவிட்டு வெட்கப்பட்டார். அண்ணி எழுந்து அண்ணனிடம் போய், "சட்டைய எடுத்து வெச்சாச்சா?" என்று கேட்டார்.

கப்பல் போனது. நான்கு மாதம் எந்தச் செய்தியும் இல்லை. அண்ணி அடுத்த கப்பலுக்கு டிரம் இறுக்கிக்கொண்டிருந்தார். இப்போது டீ வரிசையில் டிரம் ஆட்களுக்கு முதலிடம். அதிகாரி தள்ளி வைத்த பேச்சை வேறு யாரும் எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் மேனேஜர் ஒரு தாளோடு கொட்டகைக்கே வந்தார். தாளில் மூன்றே வார்த்தைகள். தாக்கப்பட்டது. மிதக்கிறது. திரும்புகிறது.

கொட்டகை முழுக்கக் கத்தியது. அண்ணியைத் தூக்கிச் சுற்றினார்கள். இறக்கிவிட்டதும் அண்ணி மேனேஜரைப் பார்த்துக் கேட்டார். "எந்த எடத்துல பட்டுச்சு சார்?"

"மூணாவதுல. கடற்படை ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"ஆளுங்களப் பத்தி?"

மேனேஜர் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கப்பல் வந்துசேர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அண்ணி சரியாக வேலைக்கு வந்தார், சரியாகச் சாப்பிட்டார், யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மிதக்கிறது என்ற வார்த்தை அவர் வேலை பலித்ததைச் சொன்னது. அந்த ஒற்றைச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்தது. யாரும் இழுத்துவரவில்லை, தன் சொந்த எஞ்சினில், நடந்துபோகிற மனிதனின் வேகத்தில் வந்தது. பின்பக்கம் தாழ்ந்து மேல்தளத்தைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு பஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதற்குள்ளே, நசுங்கியும் நசுங்காமலும், எங்கள் டிரம்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றன. துறைமுகத்திலிருந்த அத்தனை கப்பல்களும் ஊதத் தொடங்கின. இழுவைப் படகுகள் ஊதின. எங்கள் தளத்துச் சங்கும் சேர்ந்துகொண்டது. சிரித்தவனும் உருட்டியவனும் ஒன்றாக நின்று தொண்டை கிழியக் கத்தினோம். என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

படியைப் போட்டார்கள். அண்ணி படியின் அடியில் போய் நின்றுகொண்டு இறங்குகிறவர்களை எண்ண ஆரம்பித்தார். தாடியும் எண்ணெய்க் கறையும் கம்பளியுமாக எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். கைமுறிந்த இரண்டு பேர் முதலில் வந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றெட்டாவதாகக் கஞ்சிச்சட்டை வந்தார். சட்டையில் கஞ்சியும் இல்லை, பாதிச் சட்டையும் இல்லை. அண்ணியைப் பார்த்ததும் எல்லோர் முன்னாலும் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். அண்ணி அதைக் கவனிக்கவில்லை, நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பன்னிரண்டு. கப்பலில் போனது அவ்வளவு பேர்தான்.

அண்ணன் வரவில்லை.

அண்ணி எண்ணுவதை நிறுத்திவிட்டுப் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் படியில் கால்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணி, இன்னும் வர்றாங்க."

"யாரு?"

"தெரியல. நிறைய பேர் வர்றாங்க."

அண்ணியால் எண்ண முடியவில்லை. நான் எண்ணினேன். இருநூற்று முப்பது. இருநூற்று ஐம்பது. பலருக்குக் காலில் செருப்பில்லை, அடுத்தவர் சட்டை போட்டிருந்தார்கள். இருநூற்று அறுபதுக்கு மேல் கரி படிந்த முகங்கள் வந்தன. கொதிகலன் அறைக்காரர்கள். கடைசியாக, இருநூற்று எழுபத்தொன்றாவது ஆளாக, கம்பளிச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், என் அண்ணன் இறங்கினார்.

"பம்ப்ப நிறுத்திட்டு வரணும்ல. அதான் நேரமாயிடுச்சு," என்றார்.

அண்ணி அவரை என்ன சொல்லித் திட்டினார் என்று எழுதமாட்டேன். திட்டிக்கொண்டே அவர் தோளில் சாய்ந்து அழுதார், அண்ணனும் அழுதார். நானும் ஒரு மூலையாகப் பார்த்து அழுதுவிட்டு வந்தேன். அப்புறம்தான் அண்ணன், ஆற அமர, விஷயத்தைச் சொன்னார். பக்கத்தில் வந்த இன்னொரு கப்பலையும் அன்றைக்கு அடித்துவிட்டார்கள். அது பத்து நிமிஷத்தில் மூழ்கிவிட்டது. ஆட்கள் தண்ணீரில் கிடந்தார்கள்.

"நாங்களும் போயிடுவோம்னுதான் நெனச்சோம். போகல. கப்பல் நின்னுச்சு. அதான் ஒவ்வொருத்தரா மேல இழுத்தோம். அம்பத்தொன்பது பேரு."

"அம்பத்தொன்பதா?" என்று அண்ணி கேட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார்.

அந்த ஐம்பத்தொன்பது பேரில் எவருக்கும் அண்ணி யாரென்று தெரியாது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர், நடுவயசுக்காரர், போர்வையைப் போர்த்திக்கொண்டு வெறுங்காலோடு எங்களிடம் வந்தார்.

"ஏம்மா, வெளிய போற கேட் எங்க இருக்கு? வீட்டுக்கு ஒரு தந்தி அடிக்கணும், நான் உயிரோட இருக்கேன்னு."

இடதுபக்கம் திரும்பி நேராகப் போங்கள் என்று சொன்னால் போதும். அண்ணி அப்படிச் சொல்லவில்லை. அண்ணனின் கையை விட்டுவிட்டு, "வாங்க, காட்டறேன்," என்று அவரோடு கேட்வரைக்கும் நடந்துபோனார்.